கோப்பைகள் எழுதிய நற்சான்றிதழ்

"டெட் வில்லியம்ஸ் பெரிய மட்டையாளர், ஜோ டிமாஜியோ பெரிய ஆட்டக்காரர்." அமெரிக்காவில் பேஸ்பால் பேச்சு எழும் இடங்களில் இந்த வாக்கியம் மூன்று தலைமுறைகளாகப் புழங்கிவருகிறது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். இருவருக்கும் ஆளுக்கொரு மாலை போட்டாயிற்று, யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் இதைச் சொல்பவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். டிமாஜியோ அணிக்காக ஆடினார், வில்லியம்ஸ் தன் கணக்குக்காக ஆடினார் என்பார். டிமாஜியோ கண்ணியமானவர், வில்லியம்ஸ் முரடர் என்பார். ஒருவர் ஜெயிக்கத் தெரிந்தவர், மற்றவர் எண்களைக் குவிக்கத் தெரிந்தவர் என்பார். ஆட்டத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இரண்டு மனிதர்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பு அநியாயமானது. அதற்குச் சாட்சியாகக் கொண்டுவரப்படும் எதுவும் விசாரணையில் நிற்காது.

இருவரும் ஒரே காலத்தவர்கள், ஒரே லீகில் எதிரெதிர் அணிகளில் ஆடியவர்கள். டிமாஜியோ நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு 1936 முதல் 1951 வரை, இடையில் மூன்று ஆண்டுகள் ராணுவத்துக்குப் போனது நீங்கலாக, 13 சீசன் ஆடினார். அந்த 13இல் பத்து முறை அவர் அணி இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸுக்குப் போனது, ஒன்பது முறை கோப்பையை வென்றது. வில்லியம்ஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு 1939 முதல் 1960 வரை 19 சீசன் ஆடினார். ஒரே ஒரு வேர்ல்டு சீரிஸ், 1946இல். அதிலும் தோல்வி. ஒன்பதுக்கும் சுழியத்துக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியில்தான் டிமாஜியோவின் புகழும் வில்லியம்ஸின் பழியும் கட்டி எழுப்பப்பட்டிருக்கின்றன.

எண்களைப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பாலில் பத்து முறைக்கு மூன்று முறை பந்தை அடித்துத் தளத்தை எட்டினால், அதாவது சராசரி 0.300 இருந்தால், அவர் நல்ல மட்டையாளர். 0.350 என்பது அபூர்வம். 0.400 என்பதை 1941க்குப் பிறகு மேஜர் லீகின் அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் ஒரு முழு சீசனில் யாரும் தொட்டதில்லை. கடைசியாகத் தொட்டவர் வில்லியம்ஸ்.

அந்த 1941ஆம் ஆண்டில்தான் இருவரின் கதையும் பின்னிக்கொள்கிறது. மே 15 முதல் ஜூலை 16 வரை டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் குறைந்தது ஒரு ஹிட்டாவது அடித்தார். நாடே வானொலியில் காதை வைத்திருந்தது. ஜூலை 17 அன்று கிளீவ்லேண்டில் கென் கெல்ட்னர் இரண்டு அபாரமான தடுப்புகளால் அந்தத் தொடரை முடித்துவைத்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் அந்த 56 ஆட்டங்களில் டிமாஜியோவின் சராசரி 0.408. அதே நாட்களில் வில்லியம்ஸின் சராசரி 0.412. ஒருவர் நாள்தோறும் தலைப்புச் செய்தியானார். மற்றவர் அவரைவிட ஒரு மயிரிழை அதிகமாகவே அடித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள், பிலடெல்பியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். காலையில் வில்லியம்ஸின் சராசரி 0.39955. முழுமையாக்கினால் 0.400 என்று பதிவேட்டில் ஏறிவிடும். அணி மேலாளர் ஜோ க்ரோனின், வேண்டுமானால் இன்று உட்கார்ந்துகொள் என்று வழிவிட்டார். இருபத்துமூன்று வயது இளைஞர் மறுத்துவிட்டு இரண்டு ஆட்டங்களும் ஆடினார். எட்டு முறைக்கு ஆறு ஹிட். 0.406. எண்களுக்காக ஆடியவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். தன் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஊரே சம்மதித்து நாற்காலி போட்டுக் கொடுத்தபோது அதில் உட்காராத ஆளைப் பற்றி!

அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர் விருது, சுருக்கமாக எம்விபி, டிமாஜியோவுக்குப் போனது: 291 புள்ளிகளுக்கு 254. இதில் நான் சண்டை பிடிக்க மாட்டேன். 56 ஆட்டச் சாதனை எழுத்தாளர்களின் மனதை ஆட்கொண்டது இயல்பு. யாங்கீஸ் அந்த ஆண்டு பாஸ்டனைவிட 17 ஆட்டங்கள் முன்னால் முடித்தது. டிமாஜியோ மைதானத்தின் நடுவே, சென்டர் ஃபீல்டில், தன் தலைமுறையின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். வில்லியம்ஸ் லெஃப்ட் ஃபீல்டில் சுமார் ரகம்தான். இதையெல்லாம் சேர்த்து ஒருவர் டிமாஜியோவுக்கு வாக்களித்திருந்தால் அது நேர்மையான வாக்கு.

அடுத்த ஆண்டுக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? 1942இல் வில்லியம்ஸ் சராசரி 0.356, ஹோம் ரன் 36, தன் அடியால் ஓடிவந்த ரன்கள் 137 என மூன்றிலும் லீகில் முதலிடம். ட்ரிப்பிள் கிரவுன் என்று பெயர். எம்விபி யாங்கீஸின் ஜோ கார்டனுக்குப் போனது. கார்டன் நல்ல செகண்ட் பேஸ் ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சராசரி 0.322, ஹோம் ரன் 18. அந்த ஆண்டு லீகில் அதிக முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவரும் அவரே, ஒரே அடியில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபுள் பிளேயில் அதிகம் சிக்கியவரும் அவரே.

அந்த வாக்கெடுப்பின் மேல் விழுந்த நிழல் ஆட்டத்துக்கு வெளியே இருந்து வந்தது. பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாயைக் காப்பாற்றும் பொறுப்பு வில்லியம்ஸுக்கு இருந்தது. அதன்பேரில் ராணுவ அழைப்பிலிருந்து தற்காலிக விலக்குக் கிடைத்தது. பத்திரிகைகள் கோழை என்கிற தொனியில் எழுதின. மே மாதமே அவர் கடற்படை விமானப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். அதே 1942 சீசன் முழுவதும் டிமாஜியோவும் ஆடினார், 1943 பிப்ரவரியில்தான் படையில் சேர்ந்தார். அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே செயல் ஒருவருக்குப் பழியாகவும் மற்றவருக்கு வெறும் தகவலாகவும் எப்படி மாறியது?

1947இல் நடந்ததுதான் மன்னிக்க முடியாதது. வில்லியம்ஸ் மறுபடியும் ட்ரிப்பிள் கிரவுன்: 0.343, 32, 114. டிமாஜியோ: 0.315, 20, 97. எம்விபி டிமாஜியோவுக்கு, 202க்கு 201. ஒரே ஒரு புள்ளி. அன்று வாக்களித்த 24 எழுத்தாளர்களும் தலா பத்துப் பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். அவர்களில் ஒருவர் தன் பத்தில் வில்லியம்ஸின் பெயரையே எழுதவில்லை. பத்தாம் இடத்தில் எழுதியிருந்தால் ஒரு புள்ளி கிடைத்து விருது சமமாகியிருக்கும். ஒன்பதாம் இடத்தில் எழுதியிருந்தால் வில்லியம்ஸ் வென்றிருப்பார். அது பாஸ்டன் எழுத்தாளர் மெல் வெப் என்று வில்லியம்ஸே தன் சுயசரிதையில் எழுதினார், நெடுங்காலம் எல்லோரும் அதை நம்பினார்கள். வெப்புக்கு அந்த ஆண்டு வாக்கே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பழியை அவர்மேலிருந்து இறக்கிவைப்பது நியாயம். ஆனால் பெயர் யாராக இருந்தால் என்ன, மூன்று அளவுகோலிலும் லீகின் முதல்வரை முதல் பத்துப் பேரில் ஒருவராகக்கூட எண்ணாத வாக்கு அங்கே விழுந்தது. அந்த ஒருவரை மட்டும் வில்லனாக்கித் தப்பிக்கவும் முடியாது. வில்லியம்ஸை முதலிடத்தில் வைத்தவர்கள் மூன்றே பேர்.

இதற்கெல்லாம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்: "மதிப்பு என்பது வெற்றிக்குச் செய்த பங்கு. யாங்கீஸ் ஜெயித்தது, பாஸ்டன் ஜெயிக்கவில்லை." இந்த விதியைச் சொன்னவர்கள் அதை எங்கே எப்படிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 2012இல் டெட்ராய்ட்டின் மிகேல் கப்ரேரா ட்ரிப்பிள் கிரவுன் எடுத்தார். 45 ஆண்டுகளில் முதல் முறை. போட்டியாளர் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரவுட். தடுப்பாட்டம், ஓட்டம் எல்லாம் சேர்த்தால் அவரே மேல் என்று கணக்காளர்கள் வாதிட்டார்கள். கப்ரேராவின் அணிதான் பிளேஆஃபுக்குப் போனது, அவருக்கே தரவேண்டும் என்றது மறுதரப்பு. அவருக்கே கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு டெட்ராய்ட் வென்றது 88 ஆட்டம், ஏஞ்சல்ஸ் வென்றது 89. டெட்ராய்ட்டின் பிரிவு பலவீனமானது என்பதால் குறைவாக வென்ற அணி உள்ளே போனது. ஆக, பக்கத்து ஊர் அணிகள் எவ்வளவு மோசம் என்பதை அளந்து ஒரு வீரரின் மதிப்பாகக் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1942, 1947இல் ட்ரிப்பிள் கிரவுனைத் தள்ளிவைத்த விதிதான் 2012இல் ட்ரிப்பிள் கிரவுனுக்குத் துணை நின்றது. இரண்டு இடத்திலும் மாறாமல் இருந்தது கோப்பைக்கான வழி யாருக்குத் திறந்திருந்தது என்பது மட்டுமே.

ஷோஹெய் ஓதானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021லும் 2023லும் வாக்காளர் அத்தனை பேரின் முதலிட வாக்கோடும் எம்விபி வாங்கினார். இரண்டு ஆண்டும் அவருடைய ஏஞ்சல்ஸ் அணிக்குத் தோல்வியே அதிகம். ட்ரவுட்டும் அவரும் சேர்ந்து ஆறு சீசன் ஒரே அணியில் இருந்தும் ஒரு முறைகூட பிளேஆஃப் பார்க்கவில்லை. பிறகு ஓதானி டாட்ஜர்ஸுக்குப் போனார். முதல் ஆண்டே, 2024இல், வேர்ல்டு சீரிஸ் கோப்பை. இடைப்பட்ட குளிர்காலத்தில் அவர் குணம் திருந்திவிட்டதா? சுயநலம் கழன்று விழுந்து ஜெயிக்கும் மனம் முளைத்துவிட்டதா? சட்டையில் இருந்த ஊர்ப்பெயர் மாறியது, அவ்வளவுதான். வில்லியம்ஸுக்கு அப்படி ஊர் மாறும் வாய்ப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தின்படி வீரர் அணிக்குச் சொந்தம். அணி விற்றால் ஒழிய அவர் நகர முடியாது.

யாங்கீஸின் வெற்றிகளை டிமாஜியோவின் நெஞ்சுறுதியோடு கட்டிப்போடுகிறவர்கள் அவர் இல்லாத ஆண்டுகளைப் பார்ப்பதே இல்லை. அவர் வருவதற்கு முன் 1932இல் யாங்கீஸ் கோப்பை வென்றது. அவர் ராணுவத்தில் இருந்த 1943இல் வென்றது. அவர் ஓய்வுபெற்ற அடுத்த இரண்டு ஆண்டுகளிலும், 1952, 1953இல், வென்றது. அவர் 0.352 அடித்து சராசரியில் லீகின் முதலிடம் பிடித்த 1940இல் அணி மூன்றாம் இடம். 39 ஹோம் ரன்னும் 155 ரன்களும் தந்த 1948லும் மூன்றாம் இடம். அவர் மிகச் சிறப்பாக ஆடியபோது அணி தோற்கவும், அவர் இல்லாதபோது அணி ஜெயிக்கவும் முடிந்திருக்கிறது. லூ கெரிக், பில் டிக்கி, ரெட் ரஃபிங் என்று தொடங்கி யோகி பெர்ரா வரை அவரைச் சுற்றி நின்ற கூட்டம் அப்படி. அதில் அவருடைய பங்கு பெரியது, ஆனால் பங்குதான்.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள பலமான சீட்டு 1950. அந்த ஜூலையில் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் சுவரில் மோதி வில்லியம்ஸின் முழங்கை முறிந்தது. இரண்டு மாதம் அவர் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் பாஸ்டன் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பார்த்தீர்களா, அவர் இல்லாவிட்டால்தான் அணி அணியாக ஆடுகிறது என்று எழுதினார்கள், இன்றும் சொல்கிறார்கள். அவர் இடத்தில் பெரும்பாலும் இறங்கியவர் பில்லி குட்மேன். அந்த ஆண்டு 0.354 அடித்து லீகிலேயே முதல் சராசரி அவருடையது. வால்ட் ட்ரோப்போ என்ற புதுமுகம் 144 ரன்கள் தந்தார். வீட்டில் மூத்தவன் படுத்திருக்கும்போது இளையவர்கள் நன்றாகச் சம்பாதித்தால், மூத்தவன்தான் இத்தனை நாளும் வறுமைக்குக் காரணம் என்று எந்தக் குடும்பமும் சொல்லாது. அப்படியும் சொல்வதென்றால், இரண்டு மாதம் வில்லியம்ஸ் இல்லாமல் ஓடியது அவருக்கு எதிரான சாட்சி என்றால், 1943இல் ஒரு முழு சீசன் டிமாஜியோ இல்லாமல் யாங்கீஸ் கோப்பையே வாங்கியது யாருக்கு எதிரான சாட்சி?

பாஸ்டனின் தோல்விக்கு விடை தேடுகிறவர்கள் பந்துவீச்சையும் அலுவலகத்தையும் பார்க்கட்டும். 1948 சீசன் முடிவில் கிளீவ்லேண்டோடு சமநிலை, ஒரே ஆட்டத்தில் முடிவு. மேலாளர் ஜோ மெக்கார்த்தி அந்த ஆட்டத்துக்கு டெனி கேல்ஹவுஸைப் பந்துவீச அனுப்பினார். 8-3 தோல்வி. இன்றுவரை பாஸ்டனில் விளங்கிக்கொள்ள முடியாத முடிவாக அதைப் பேசுகிறார்கள். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1945 ஏப்ரலில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பாஸ்டனின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்து தேர்வாட்டம் ஆடிக் காட்டினார். ரெட் சாக்ஸ் அவரை எடுக்கவில்லை. அடுத்துக் கையெட்டும் தூரத்தில் இருந்த வில்லி மேஸையும் விட்டுவிட்டது. கறுப்பின வீரர் ஒருவரை ஆடவைக்க முதலாளி டாம் யாக்கியின் அணி 1959 வரை எடுத்துக்கொண்டது. மேஜர் லீக் அணிகளிலேயே கடைசி. ராபின்சனும் மேஸும் வில்லியம்ஸோடு ஒரே அணியில் ஆடியிருந்தால் எத்தனை கோப்பை என்று கணக்குப் போடுவது வீண். ஆனால் அவர்களை வாசலில் நிறுத்திய முதலாளியின் குற்றத்தை, உள்ளே நின்று அடித்துக்கொண்டிருந்த வீரரின் குணக்கேடாக மாற்றி எழுதியதை ஏற்க முடியாது.

1946 வேர்ல்டு சீரிஸில் வில்லியம்ஸ் தோற்றுத்தான் போனார். செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஏழு ஆட்டத்தில் 25க்கு 5 ஹிட். ஒன்றுகூட நீள அடி இல்லை. சில நாள் முன்பு ஒரு காட்சி ஆட்டத்தில் பந்து பட்டு அவர் முழங்கை வீங்கியிருந்தது. அவர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. எதிரணியின் நட்சத்திரம் ஸ்டான் மியூசியல் அதே தொடரில் 27க்கு 6. அணி ஜெயித்ததால் அந்த எண் யாருக்கும் நினைவில்லை. 1949 வேர்ல்டு சீரிஸில் டிமாஜியோ 18க்கு 2. யாங்கீஸ் 4-1 என்று புரூக்ளினை வென்றதால் அதுவும் யாருக்கும் நினைவில்லை. நெருக்கடியில் உடைந்துபோகிறவர் என்ற பட்டம் ஏழு ஆட்டத்தை வைத்து ஒருவருக்கு மட்டும் ஒட்டப்பட்டது. டிமாஜியோ நெருக்கடியில் சாதித்ததே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அதே 1949 ஜூனில் குதிகால் எலும்பு வலியால் இரண்டு மாதத்துக்கு மேல் படுத்திருந்துவிட்டு நேரே பாஸ்டனுக்கு வந்து மூன்று ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். பேஸ்பால் வரலாற்றில் அப்படியொரு மறுவருகை மிகக் குறைவு.

வில்லியம்ஸ் மேல் சொல்லப்படும் ஆட்டக் குற்றச்சாட்டுகளில் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது வாக் பற்றியது. எல்லைக்கு ஓர் அங்குலம் வெளியே போகும் பந்தையும் அவர் தொடமாட்டார். நான்கு தவறான பந்துகளைப் பார்த்துவிட்டு முதல் தளத்துக்கு நடந்து போய்விடுவார். தளங்களில் ஆள் நிற்கும்போதாவது மட்டையை வீசியிருக்க வேண்டும், தன் சராசரி கெடுமே என்று அணியைக் கைவிட்டார் என்கிறார்கள். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 27 அவுட் மட்டுமே இருக்கிறது. அதைச் செலவழிக்காமல் தளத்தில் ஏறுவதுதான் மட்டையாளரின் முதல் கடமை. வில்லியம்ஸ் தளத்தில் ஏறிய விகிதம் 0.482. பேஸ்பால் வரலாற்றில் அதற்கு மேல் யாரும் இல்லை. டிமாஜியோவினுடையது 0.398, அதுவே மிக நல்ல எண். ஆயிரம் முறை மட்டையோடு நிற்கும்போது வில்லியம்ஸ் ஏறக்குறைய 84 அவுட்டுகளை டிமாஜியோவைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்தித் தந்தார். மூன்று முழு ஆட்டங்களுக்கான அவுட்டுகள் அவை. அடிக்காமல் நடந்து போனவர் என்ற ஆள், தன் அடியால் வந்த ரன்களில் நான்கு முறை லீகில் முதலிடம். டிமாஜியோ இரண்டு முறை. தானே ஓடி எடுத்த ரன்களில் ஆறு முறை முதலிடம். டிமாஜியோ ஒரு முறை. ஸ்கோர்போர்டில் ஏறும் ரன்னைவிட அணிக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு நியாயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாங்கீ ஸ்டேடியத்தின் இடது-நடு மூலை 457 அடி. வலதுகை மட்டையாளருக்கு அது சுடுகாடு. டிமாஜியோவின் 361 ஹோம் ரன்களில் சொந்த ஊரில் 148தான், வெளியூரில் 213. அவருடைய எண்களை அந்த மைதானம் தின்றது. தடுப்பாட்டத்தையும் தள ஓட்டத்தையும் சேர்த்து, அருகருகே வைத்தால் ஒரு தனி சீசனில் இருவரும் நெருங்கி வருவதுண்டு. டிமாஜியோ மிகப் பெரிய வீரர். நான் எதிர்ப்பது அவரை அல்ல, அவர் பெயரால் இன்னொருவர் மேல் போடப்பட்ட மண்ணை.

குணத்துக்கு வருவோம். வில்லியம்ஸ் கெட்ட வார்த்தை பேசினார். 1956 ஆகஸ்டில் ரசிகர்களையும் பத்திரிகையாளர் மாடத்தையும் பார்த்துத் துப்பினார், அணி 5,000 டாலர் அபராதம் போட்டது. 1958இல் ஆத்திரத்தில் வீசிய மட்டை கூட்டத்தில் ஒரு பெண்மணி மேல் விழுந்தது. ஹோம் ரன் அடித்துவிட்டு ரசிகர்களுக்குத் தொப்பியைத் தூக்க மாட்டார். 1960 செப்டம்பர் 28 அன்று தன் கடைசி முறையில் ஹோம் ரன் அடித்தபோதும் தூக்கவில்லை. இவை எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் இவை கோபக்காரரின் குற்றங்கள். கோபத்தைச் சுயநலம் என்று மொழிபெயர்த்தவர்கள் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள். அந்த நகரில் அன்று பல தினசரிகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. பாஸ்டன் ரெக்கார்டின் டேவ் ஈகன் போன்றவர்களுக்கு வில்லியம்ஸைத் திட்டுவது ஆண்டுக்கணக்கில் நீண்ட தொழிலாகவே இருந்தது. வில்லியம்ஸ் அவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை. அவர்களும் அவர்களைப் போன்றவர்களும்தான் எம்விபி வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருந்தார்கள்.

அதே வில்லியம்ஸ் புற்றுநோய் தாக்கிய குழந்தைகளுக்கான ஜிம்மி ஃபண்டுக்காகப் பல்லாண்டு உழைத்தார். மருத்துவமனைக்குப் போகும்போது புகைப்படக்காரர் கூடாது, செய்தி கூடாது என்பது அவர் நிபந்தனை. நற்பெயர் தேடுகிற ஆளுக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது, அதை அவரே கதவடைத்துத் தடுத்தார். இரண்டாம் உலகப்போரில் மூன்று சீசன் போனது. 1952இல் கொரியப் போருக்கு மறுபடி அழைத்தார்கள். எரிச்சல்பட்டார், ஆனால் போனார். 39 போர்ப் பறப்புகள். பின்னாளில் விண்வெளிக்குப் போன ஜான் க்ளென்னோடு சேர்ந்து பறந்தார். 1953 பிப்ரவரியில் சுடப்பட்டுத் தீப்பிடித்த விமானத்தைச் சக்கரமின்றி வயிற்றால் தரையிறக்கி உயிர் தப்பினார். அந்த ஆகஸ்டில் திரும்பி வந்து 37 ஆட்டத்தில் 0.407 அடித்தார். மொத்தம் ஏறக்குறைய ஐந்து சீசன்களை இழந்தும் 521 ஹோம் ரன்.

டிமாஜியோவின் கண்ணியம் பெரும்பாலும் மௌனம். அந்த மௌனத்துக்குக் காரணம் இருந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய மீனவர் குடும்பம். மகன் நாட்டின் நாயகனாக இருந்தபோதே, போர்க்காலத்தில் தந்தை ஜுசெப்பே எதிரி நாட்டவர் என்று வகைப்படுத்தப்பட்டு சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்டார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வாயை அடக்கி வளர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் மௌனம் தன்னலமின்மைக்குச் சான்று ஆகாது. 1938இல் கூடுதல் சம்பளம் கேட்டு ஆடாமல் இருந்தபோது யாங்கீஸ் ரசிகர்களே அவரை ஊளையிட்டு வரவேற்றார்கள். பிறகு நியூயார்க் எழுத்தாளர்கள் டூட்ஸ் ஷோர் உணவகத்தில் அவர் மேசையைச் சுற்றி அமர்ந்து அவரைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். 1951இல் புதிதாக வந்த பத்தொன்பது வயது மிக்கி மேண்டலோடு அவர் அந்த சீசன் முழுக்க அதிகம் பேசவில்லை என்பதை மேண்டலே பின்னாளில் சொன்னார். 1969க்குப் பிறகு, உயிரோடிருக்கும் வீரர்களில் மிகச் சிறந்தவர் என்றே தன்னை மேடையில் அறிமுகப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்த்தார். வில்லியம்ஸ் இப்படி எதிர்பார்த்திருந்தால் எத்தனை பத்தி எழுதியிருப்பார்கள்!

இருவரையும் அருகிலிருந்து பார்த்த ஒருவர் இருந்தார். டாம் டிமாஜியோ: ஜோவின் தம்பி, வில்லியம்ஸுக்குப் பக்கத்தில் பாஸ்டனின் சென்டர் ஃபீல்டில் நின்றவர். 1941இல் அந்த 56 ஆட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஃபென்வேயின் ஸ்கோர்போர்டுக்குள் இருப்பவர் நியூயார்க் செய்தியை வில்லியம்ஸிடம் சொல்வார். உன் அண்ணன் இன்றைக்கும் அடித்துவிட்டார் என்று வில்லியம்ஸ் டாமுக்குக் கத்திச் சொல்வார். தன்னோடு போட்டியில் இருந்தவரின் சாதனையை அவர் அப்படித்தான் கொண்டாடினார். டிமாஜியோவே தன் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று கடைசிவரை சொல்லிவந்தவரும் வில்லியம்ஸ்தான். அந்தப் பெருந்தன்மையைத்தான் எல்லோரும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். டாம், ஜானி பெஸ்கி, பாபி டோர் என்ற பாஸ்டன் சக வீரர்கள் மூவரும் வில்லியம்ஸின் சாவுவரை நண்பர்களாக இருந்தார்கள். 2001இல் எண்பதைத் தாண்டிய டாமும் பெஸ்கியும் நோயில் கிடந்த அவரைப் பார்க்க மாசசூசெட்ஸிலிருந்து ஃப்ளோரிடாவரை காரில் போனார்கள். மோசமான சக வீரருக்காக யாரும் அந்த வயதில் அவ்வளவு தூரம் போவதில்லை. 1959இல் பம்ப்சி க்ரீன் ரெட் சாக்ஸின் முதல் கறுப்பின வீரராக வந்தபோது, ஆட்டத்துக்கு முன் எல்லோரும் பார்க்க அவரோடு பந்து வீசிப் பழகிய மூத்தவர் வில்லியம்ஸ்.

1966 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் வில்லியம்ஸுக்கு பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். அவருடைய தாய் மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்தவர். அது ஊருக்குத் தெரிந்திருந்தால் தன் பாதை எவ்வளவு கடினமாகியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அன்றைய பேச்சு அவருடைய சொந்த விழாப் பேச்சு, யாரும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. நிறத்தின் பெயரால் மேஜர் லீகுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாச்சல் பைஜ், ஜோஷ் கிப்சன் போன்ற வீரர்களுக்கும் இந்த மண்டபத்தில் இடம் வேண்டும் என்று அந்த மேடையிலேயே கேட்டார். பைஜ் 1971இல் உள்ளே வந்தார், கிப்சன் 1972இல்.